ஒரு நாட் செலவும் இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகளும்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் காண வருவோருள் பெரும்பாலார் ஒரு பகற்பொழுதுக்கு மேல் ஆண்டுத் தங்குவதில்லை. காலையில் வந்து, விமானத்தை அண்ணாந்து நோக்கி, நந்தியை வலம்வந்து, மாலையில் மீள்வதே அவர்தம் வழக்கம். 1987ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் இக்கோயிலை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஒரு பகலில் கண்டு செல்லும் இம் மக்கள் எவற்றைக் கேட்டு மீள்கின்றனர் என்று ஆராய்தல் வரலாற்று மாணாக்கர்க்குப் புறம்பான செயலன்று. ஒரு நாட்டின் வரலாறு ஏட்டில் மட்டும் வாழ்வதில்லை; மக்கள் வாய்மொழியிலும் வாழ்கின்றது. ஏட்டில் உள்ளதற்கும் வாய்மொழியில் உள்ளதற்கும் இடையே பெரிய பிளவு தோன்றின், அதனைச் சுட்டும் கடமை ஆராய்ச்சியாளரைச் சார்ந்ததேயாம்.

அண்மையில் முதுகலை மாணாக்கர் எண்மருடன் யாம் ஒரு நாட் செலவாகத் தஞ்சை சென்றிருந்தோம். புலர்காலைப் புகைவண்டியில் தில்லையினின்று புறப்பட்டு, மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சையை அடைந்தோம். கோயிலைக் காட்டும் தொழிலினர் ஒருவர் பிறரோடு எம்மையும் சேர்த்துக்கொண்டு செய்திகளைக் கூறத் தொடங்கினார். அவரை யாம் இடைமறிக்கவில்லை. பொதுமக்கள் கேட்பதனை அவ்வாறே கேட்டல் வேண்டும் என்பதே எம் கருத்தாயிருந்தது. அன்று கேட்டவற்றையும், அதன்பின் சுவர்களிற் கண்டவற்றையும் ஒப்புநோக்கி ஈண்டு எழுதுகின்றோம்.

1. கேட்டவை

அவர் உரைத்தவற்றுள் தலையாயின மூன்று. இவ்விமானத்தின் நிழல் நிலத்தில் விழாது என்பது ஒன்று. விமானத்தின் உச்சியிலுள்ள சிகரம் 80 டன் நிறையுள்ள ஒற்றைக்கல் என்பதும், அக்கல் சாரப்பள்ளம் என்னும் ஊரினின்று சாய்தளம் அமைத்து மேலே ஏற்றப்பட்டது என்பதும் மற்றொன்று. நந்தி நாள்தோறும் வளர்ந்து வந்தது என்பதும், அதன் வளர்ச்சியைத் தடுக்க முதுகில் ஆணி அறைந்தனர் என்பதும் மூன்றாவது.

இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம். விமானத்தின் அடித்தளம் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 30 மீட்டர் அளவினது. உயரமோ அடித்தள அளவின் இருமடங்கை ஒட்டியது. 216 அடி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மேலே செல்லச் செல்லக் குறுகிச் செல்லும் அமைப்புடைய ஒரு கட்டடத்தில், ஞாயிறு தலைக்கு நேராகவோ அதனை அடுத்தோ நிற்கும் திங்கள்களில், நண்பகற் பொழுதில் சிகரத்தின் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அவ்வேளையில் கண்டோர் ஒருவர் கூறிய உண்மை, எவ்வேளைக்கும் பொருந்தும் கூற்றாகப் பரவியிருத்தல் வேண்டும். காலையில் அந்நிழல் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் நீண்டு கிடக்கின்றது. யாம் கோயிலிற் புகுந்தபோது, விமானத்தின் மேற்கே திருமுற்றத்தில் அதன் நிழலிலேயே பயணியர் பலர் அமர்ந்திருந்தனர். நிழலில் இருந்துகொண்டே, நிழல் விழாது என்னும் உரையை அவர்கள் தலையசைத்துக் கேட்டதனை எம் மாணாக்கர் கண்டு வியந்தனர்.

சிகரம் ஒற்றைக்கல்லன்று. கற்கள் பலவற்றை இணைத்து அமைத்தது அது என்பது கட்டடக் கலையாய்வாளர் கண்டு கூறிய முடிபு. சாய்தளம் பற்றிய கூற்றுக்குக் கோயிற் கல்வெட்டுகளில் சான்று இல்லை. ஓர் ஊர்ப்பெயரின் ஒலியைக் கொண்டு எழுந்த ஊகமே அது. நந்தியோ இராசராசன் காலத்ததன்று. இன்று பெரிய மண்டபத்தில் வீற்றிருப்பது நாயக்கர் காலத்தில் அமைக்கப்பெற்றது. சோழர் காலத்ததெனக் கருதப்படும் பழைய நந்தி தெற்குத் திருச்சுற்று மாளிகையில் வைக்கப்பெற்றுள்ளது. வளர்ந்தது கல் அன்று, கதையே வளர்ந்தது.

இவற்றைக் கூறியவரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. அவர் தமக்கு முன்னிருந்தோர் கூறியதனையே கூறினார். யாமும் பல்லாண்டுகட்கு முன்னர் வகுப்பறையில் சிகரம் ஒற்றைக்கல் என்றே கூறியுள்ளோம். ஒரு நூலிற் கண்டதை ஆராயாது மீளவும் உரைத்தோம். அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட மாணாக்கருள் சிலர் இன்று ஆசிரியராய் உள்ளனர். ஆதலின், இக்கட்டுரை பிறரை இடித்துரைப்பதற்கு மாறாக, எம் பிழையைத் திருத்திக்கொள்ளும் முயற்சியாகவே கொள்ளப்படுதல் வேண்டும்.

2. மறக்கப்பட்ட பெயர்

எழுதி வைத்த வரலாறும் மறக்கப்படுமோ என்று ஒரு மாணாக்கர் வினவினார். மறக்கப்படும் என்பதற்கு இக்கோயிலே சான்று. இதனை எடுப்பித்தவன் முதல் இராசராச சோழன் (கி.பி. 985–1014). அவன் பெயராலேயே இஃது இராசராசேச்சரம் எனப் பெயர் பெற்றது. கருவூர்த்தேவர் இத்தலத்தைப் பாடிய திருவிசைப்பாவும் அப்பெயரையே கொண்டு ஒன்பதாந் திருமுறையில் நிற்கின்றது. ஆயினும், பிற்காலத்தில் எழுந்த தலபுராணம் தொழுநோய் நீங்கப்பெற்ற ஒரு கரிகாலனை இதன் தலைவனாக்கிற்று. காடுவெட்டிச் சோழன் ஒருவன் எடுப்பித்தான் என்னும் வழக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலவிற்று. அரசனது பெயர் அடித்தளம் முழுதும் வரிவரியாகப் பொறிக்கப்பெற்றிருக்கவும், அச் சுவர்களைத் தொட்டு வலம்வந்தோர் அவனை அறிந்திலர். எழுத்து இருந்தது, எழுத்தைப் படிப்பார் இலர்.

1886ஆம் ஆண்டில் கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பெற்ற செருமானிய அறிஞர் ஹுல்ஷ், இக்கோயிற் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்தார். 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் இரண்டாம் தொகுதி பகுதி பகுதியாக வெளிவரலாயிற்று. அவர் தொடங்கிய பணியை வெங்கையாவும் கிருட்டிண சாத்திரியாரும் நிறைவேற்றினர். அதன் பின்னரே கரிகாலன் கதை ஒழிந்து, இராசராசன் தன் கோயிலுக்கு மீண்டான்.

இதனினும் அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1931ஆம் ஆண்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி, கருவறையைச் சூழ்ந்த உள்நாழிகையில் நாயக்கர் கால ஓவியம் பெயர்ந்த இடத்தில், அதன் அடியிலே சோழர் கால ஓவியம் இருத்தலைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அதுகாறும் பன்னூறாண்டு அவ் ஓவியங்கள் ஆண்டே இருந்தன. இருத்தல் வேறு, அறியப்படுதல் வேறு என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் போதிய சான்றுகளாம்.

3. சுவர்கள் கூறுவன

இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், விமானத்துச் செப்புத் தூபித்தறியில் வைத்தற்குப் பொற்றகடு போர்த்த செப்புக்குடம் ஒன்றைக் கொடுத்தான். குடத்தின் நிறை 3,083 பலம். அதன்மீது சுருக்கிய பொன் 2,926½ கழஞ்சு. இந்நாள் கி.பி. 1010ஆம் ஆண்டில் அமைவது. 80 டன் என்று வாய்மொழி கூறும் அளவுக்கும், 2,926½ கழஞ்சு என்று கல்வெட்டுக் கூறும் அளவுக்கும் உள்ள வேற்றுமையை மாணாக்கர் கருதிப் பார்த்தல் வேண்டும். முன்னது கேட்போரை மருட்டுவதற்கு உரியது. பின்னது அரைக் கழஞ்சையும் விடாது கணக்கிற் கொண்டது. அரைக் கழஞ்சு பொன்னுக்கும் பொறுப்புச் சொல்லும் ஓர் ஆட்சியின் மனநிலை அவ் எண்ணில் உளது.

26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில் அரசன் ஓர் ஆணை பிறப்பித்தான். தான் எடுப்பித்த திருக்கற்றளிக்குத் தான் கொடுத்தனவும், தன் தமக்கை கொடுத்தனவும், தன் தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் விமானத்திற் கல்லிலே வெட்டப்படுக என்பது அவ்வாணை. அரசன் கொடையும் பிறர் கொடையும் ஒரே கல்லில், ஒரே ஆணையின்கீழ் எழுதப்படுகின்றன. தமக்கையாகிய குந்தவையார் தம் தந்தைக்கும் தாய்க்கும் திருமேனிகள் எடுத்து வைத்தமையும் அவற்றுள் ஒன்று. கோயிற் காரியம் பார்த்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் நாயன்மார் படிமங்கள் பலவற்றை வழங்கியுள்ளான். பெரியபுராணம் தோன்றுதற்கு நூறாண்டுக்கு மேல் முற்பட்ட காலத்து, அடியார் வரலாறுகள் செப்புத் திருமேனிகளாக இக்கோயிலில் நின்றன என்பது இலக்கிய வரலாற்று மாணாக்கர் குறித்துக்கொள்ளற்பாலது.

இக்கோயிலைக் கட்டியவர் யாவர் என்னும் வினாவுக்கும் கல்வெட்டு விடை தருகின்றது. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் ஆண்டுப் பொறிக்கப்பட்டுள்ளது. அவனுக்குத் துணைநின்ற நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்போர் பெயர்களும் உள. அரசன் தன் பெயரையும் தன் விருதுப்பெயரையும் தச்சர்க்குப் பட்டமாக வழங்கியுள்ளான். இவர் பெயரை யாம் எம் வழிகாட்டி வாயிற் கேட்டிலேம்.

திருச்சுற்று மதிலின் புறத்தே உள்ள நீண்ட கல்வெட்டொன்று தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரை நிரல்படக் கூறுகின்றது. சோழநாட்டுத் தளிகள் பலவற்றினின்றும் தஞ்சைக்குக் கொணர்ந்து குடியேற்றப்பெற்ற ஆடன்மகளிர் அவர். எத்தெருவின் எச்சிறகில் எத்தனையாவது வீடு, எவ்வூர்த் தளியினின்று வந்தவள், பெயர் யாது என்பவை ஒவ்வொருவர்க்கும் எழுதப்பட்டுள்ளன. ஒருவர்க்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். வரிசையின் தலைவீட்டில் நிற்பவள் திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. தாம் விரும்பி வந்தனரோ, ஆணையால் வந்தனரோ என்பதனைக் கல்வெட்டுக் கூறவில்லை. எனினும், தெருவும் வீடும் பெயரும் அறியக் கிடக்கும் நானூறு மகளிர், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்து ஓர் ஊரில் வாழ்ந்தனர் என்று அறுதியிட்டுக் கூற வல்ல சான்று எளிதிற் கிடைப்பதன்று.

திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் நாற்பத்தெண்மரும், உடுக்கை வாசிப்பான் ஒருவனும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனுமாக ஐம்பதின்மரை அரசன் அமைத்தான். அவர் ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கப்பட்டது. அந்நெல்லை அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். ஆடும் இறைவன் பெயரையே அளவுகருவிக்கு இட்டமையால், குறைத்து அளத்தல் இறைவனையே குறைத்தலாகும் என்னும் அச்சம் அளப்போர்க்கு இருந்திருத்தல் கூடும் என்று யாம் கருதுகின்றோம்.

விளக்கெரிக்கும் முறையும் கருதத்தக்கது. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் இடையர்பால் ஒப்படைக்கப்பட்டன. அதற்கீடாக அவ்விடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். மூத்தவற்றுக்கும் இறந்தவற்றுக்கும் ஈடாகக் குட்டிகள் பெருகும் ஆதலின் அவை சாவா மூவாப் பேராடுகள் எனப்பட்டன. கோயிலில் எரிந்த ஒவ்வொரு விளக்குக்கும் பின்னே ஒரு மந்தையும் ஓர் இடையன் குடியும் நின்றன. கருவூலம் காப்போரும், கணக்கரும், திருமெய்காப்பாரும் ஊர்தோறும் பெயர்குறித்துத் தருவிக்கப்பெற்றனர். ஈழத்து ஊர்கள் சிலவும் இக்கோயிலுக்கு நெல்லும் பொருளும் அளந்தன. ஒரு பேரரசு முழுதும் இக்கோயிலைத் தாங்கிற்று என்பதும், அப் பளுவைச் சுமந்தோர் சிற்றூர் மக்களே என்பதும் இவற்றால் ஒருங்கே விளங்கும்.

இனி, தமிழ்த்துறையினர் சிறப்பாக நோக்கற்குரிய கல்வெட்டொன்று உண்டு. இரண்டாம் இராசேந்திரனது 6ஆம் ஆட்சியாண்டில், வைகாசிப் பெருவிழாவில் இராசராசேச்சர நாடகம் ஆடுதற்குச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியன் என்பானுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்க ஆணையிடப்பட்டது. அந்நாடகத்தின் ஒரு வரியேனும் நமக்குக் கிடைத்திலது. நாடகம் மறைந்தது, ஆடினோன் பெயரும் அவன் பெற்ற நெல்லின் அளவும் எஞ்சின. தமிழில் பழைய நாடகம் இல்லை என்று கூறத் துணிவோர் இக்கல்லின் முன் ஒருமுறை நின்று பின்னர்க் கூறுதல் நன்று.

4. ஒரே கோயில், பல காலங்கள்

ஒரு நாட் பயணியர்க்குக் கோயில் முழுதும் ஒரே காலத்ததாகத் தோன்றுதல் இயல்பு. எம் மாணாக்கரும் முதலில் அவ்வாறே கருதினர். ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் உடைய திருமுற்றத்தில் விமானமும், திருச்சுற்று மாளிகையும், கேரளாந்தகன் வாயிலும், இராசராசன் வாயிலும் இராசராசன் காலத்தன. அம்மன் கோயில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் எழுந்தது. முருகன் கோயிலும் நந்தி மண்டபமும் நாயக்கர் காலத்துப் பணிகள். தென்மேற்கு மூலைப் பகுதியில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி தம் குலவரலாற்றை 1803ஆம் ஆண்டில் மராட்டிய மொழியில் நீண்ட கல்வெட்டாகப் பொறிப்பித்தார்.

இவருள் எவரும் இராசராசன் எழுத்துகளை அழித்திலர் என்பதை யாம் அன்று மாணாக்கர்க்குச் சுட்டினோம். தம் வரலாற்றைத் தாமும் கல்லில் எழுதவேண்டும் என்னும் எண்ணத்தையே இக்கோயிற் சுவர்கள் பின்வந்தோர்க்கும் ஊட்டின போலும். இனி, மேல்தளத்து நாட்டியக் கரணச் சிற்பங்கள் 108இல் 81 மட்டுமே செதுக்கப்பெற்றன. எஞ்சிய 27க்கு உரிய கற்கள் வெறுமையாகவே உள. பேரரசனது பெருங்கோயிலும் முற்றுப்பெறாத இடமுடையது. அவ் உள்தளத்துக்குப் பொதுமக்கள் செல்ல இசைவில்லை. ஆயினும் அவ் வெற்றிடம் உண்டென்று அறிதலும் அறிவேயாம்.

5. செலவின் பயன்

நண்பகலில் திருக்காப்பிட்ட பின்னர், யாம் மதிற்புறத்து நிழலிலிருந்து கல்வெட்டுகளைப் படிக்க முயன்றோம். மாணாக்கர் எண்மரும் தேர்வில் சோழர் வரலாற்றை எழுதி வென்றோர். அச்சிட்ட தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டும் முதல் அரை மணி நேரம் ஓர் எழுத்தையும் அவர்களால் இனங்காண இயலவில்லை. புள்ளியில்லாத மெய்யும், வேறுபாடின்றி எழுதப்பெற்ற எகர ஏகாரங்களும் அவர்களை மயக்கின. பின்னர் ஒரு மாணவி ‘நக்கன்’ என்னும் சொல்லைக் கண்டறிந்து உரக்கக் கூறினார். அச்சொல் அடுத்த வரியிலும் வந்தது, அதற்கடுத்ததிலும் வந்தது. மாலைக்குள் அவர்கள் ஏழு பெயர்களைப் படித்துவிட்டனர். அவ்விடத்தே வந்து நின்ற பயணியர் சிலர், இஃது என்ன எழுத்து என்று வினவினர். தமிழ் என்றதும் அவர்கள் அடைந்த வியப்பு, நிழல் விழாது என்று கேட்டபோது அடைந்த வியப்பினும் பெரிதாயிருந்தது. அப்பெயர்களைத் தாமும் ஒருமுறை கூறிப் பார்த்து அவர்கள் அகன்றனர்.

இதனால் யாம் துணிவது இது. பொதுமக்கள் பொய்யை விரும்புகின்றனர் என்பது உண்மையன்று. வியத்தற்குரியது ஒன்றை அவர்கள் வேண்டுகின்றனர். மெய்யான வியப்பை எவரும் காட்டாமையால் கிடைத்ததைக் கொள்கின்றனர். நிழல் விழாக் கோயில் என்பதும், ஒற்றைக்கற் சிகரம் என்பதும் கல்லைப் புகழ்வன. அக்கல்லை எடுத்தோரையும், அளந்தோரையும், ஆடினோரையும், பாடினோரையும் மறைப்பன. இராசராசனோ அவர்களை மறைக்கவில்லை, பெயர்பெயராக எழுதுவித்தான். ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னர் அவர்களை மறைப்பது நம் வாய்மொழியேயாகும்.

ஒரு நாளில் இக்கோயிலைக் காணும் ஆராய்ச்சி மாணாக்கர்க்கு யாம் கூற விழைவது எளியதொரு முறை. காலையில் மேற்குத் திருமுற்றத்தில் விமானத்தின் நிழலைத் தம் கண்ணாற் காண்க. பின்னர் அடித்தளத்துக் கல்வெட்டுகளுள் ஒரு வரியையேனும் அச்சு நூலோடு ஒப்பிட்டுப் படிக்க. பழைய நந்தியையும் புதிய நந்தியையும் அடுத்தடுத்துக் காண்க. இறுதியில் மதிற்புறத்துக்குச் சென்று, தளிச்சேரிப் பெண்டுகளுள் ஒருவர் பெயரையேனும் கல்லினின்று நேரே படித்து மீள்க. ஒரு பெயர் போதும். ஒரு நாளுக்கு அதுவே நிறைந்த ஊதியம்.

தமிழில் வழிகாட்டும் இலக்கியம் மிகத் தொன்மையானது. பத்துப்பாட்டுள் ஆற்றுப்படைகள் உள. பரிசில் பெற்றோன் பெறாதோனுக்குத் தான் கண்ட வழியையும் தான் பெற்ற வளத்தையும் கூறுதலே அதன் மரபு. தான் நடவாத வழியை அவன் பிறர்க்குக் கூறான். இக்காலத்து ஆற்றுப்படுத்தும் பணி வரலாற்று ஆசிரியரையும் தமிழாசிரியரையும் சார்ந்தது. கல்லைத் தாம் படியாது, படித்தாரைப் படித்து மட்டும் உரைக்கும் ஆசிரியர் அம்மரபினின்று வழுவியவராவர். அவ் வழு எம்மிடத்தும் இருந்தது என்பதை முன்னரே கூறினோம். அதனை நீக்கிக்கொள்ள ஒரு பகற்பொழுது போதுமாயிருந்தது என்பதையும் ஈண்டுக் கூறி அமைகின்றோம்.